கிழக்குக் கோடி மனை

அப்பா நந்தனத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவரும் உடன் வேலை பார்த்தவர்களுமாகப் பதினாறு பேர் சேர்ந்து பாலவாக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்பை வாங்கி மனை பிரித்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் கிழக்குக் கோடி மனை எங்களுக்கு விழுந்தது. பத்திரம் அம்மா பேரில். விடுமுறை நாட்களில் மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவோம். அம்மா சவுக்குக் குச்சியால் மணலில் அறைகளைக் கோடு போடுவாள். கூடமும் படுக்கையறையும் வாராவாரம் இடம் மாறும். சமையலறை மட்டும் கடல் பக்கமாகவே இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது மழையிலும் பரீட்சை வேலையிலும் நான்கு மாதம் போக முடியவில்லை. போய்ப் பார்த்தால் எங்கள் மனையில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வீட்டின் அஸ்திவாரச் சுவர் எழும்பியிருந்தது.

கட்டியவர் அப்பாவோடு வேலை பார்த்த பிசிக்ஸ் சார். அது தன் மனை என்றே நம்பியிருந்தார். அடுத்த ஞாயிறு சர்வேயர் வந்தார். வெயிலில் சங்கிலியை இழுத்து, வரைபடத்தைப் பிரித்துப் பார்த்து, மறுபடியும் இழுத்தார். பகல் ஒரு மணிக்கு, “உங்க மேஸ்திரி இந்தாண்டயிருந்து எண்ணிக்கினு வந்துட்டாரு சார். உங்க மனை அந்தக் கோடியில கீது” என்றார்.

அந்தக் கோடி பள்ளம். மழைத் தண்ணீர் இன்னும் வற்றாமல் நின்றது. பிசிக்ஸ் சார் தான் கட்டிய சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். இடித்துவிட்டு மறுபடி கட்ட அவரால் ஆகாது என்பது எனக்கே தெரிந்தது.

“விடுங்க சார். மனைய மாத்திக்கலாம்” என்றார் அப்பா. சார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, “மனை என் பேர்ல இருக்கு” என்றாள்.

“அதுக்கென்ன, ஒரு கையெழுத்துதானே” என்ற அப்பா, அடையாறு வருவதற்குள் தூங்கிப்போனார்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தோம். ஒருநாள் ஏதோ காகிதம் குறைந்தது. ஒருநாள் சாட்சி வரவில்லை. மூன்றாம் முறை காலையில் போனவர்களை மாலை நாலு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். நான் பசியில் துவண்டு கிடந்தேன். மனைகளை மாற்றி எழுதிய பத்திரத்தைப் படித்துக் காட்டிய அதிகாரி, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கு முழு சம்மதமாம்மா?”

அம்மா பேனா மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள். அப்பா தொண்டையைக் கனைத்தார். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“சரின்னு சொல்லும்மா, வீட்டுக்குப் போலாம்.”

அதிகாரி சிரித்தார். பிசிக்ஸ் சாரும் சிரித்தார். அம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

பள்ளத்து மனையில் நாங்கள் வீடு கட்டவேயில்லை. மனையை மாற்றிய விஷயத்தில் அம்மாவின் சம்மதத்தைக் கேட்ட ஒரே ஆள் அந்த அதிகாரிதான். அவருக்கு அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு, ஒருவழியாக வேலை முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.