கன்னிமூலைத் தொட்டி

எங்கூட்டுக்குப் போற தடத்துல ஒரு கல்லுத்தொட்டி கெடந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி. மாடு எங்ககிட்டயும் இல்ல, பக்கத்தூட்டு மாமாகிட்டயும் இல்ல. தொட்டி மட்டும் இருந்துச்சு.

ஊடு கோயமுத்தூருக்குக் கெழக்கால, சூலூரத் தாண்டி. ரோட்டு மேல மாமா ஊடு, அதுக்குப் பின்னால எங்கூடு. மாமா ஊட்டுச் செவுத்த ஒட்டி ஒரு தடம் உள்ள வரும். எங்களுக்கு வேற வழி கெடையாது. பின்னால வாய்க்கா, அதுக்கு அக்கட்ட அடுத்தவங்க சோளக்காடு. மாமான்னா சொந்தமில்லைங்க. எங்கப்பாவும் அவரும் சின்னதுல ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனவங்க. மச்சா, மாப்ளன்னு கூப்பிட்டுக்குவாங்க. அதனால எனக்கு மாமா, எங்கம்மாளுக்கு அண்ணா.

தடம் ரெண்டு ஊட்டுக்கும் பொது. மாமா அத இல்லைன்னு ஒருநாளும் சொன்னதில்ல. "பொதுத்தடந்தானுங்களே"ம்பாரு. சொல்லிப்போட்டு தொட்டி மேல கைய வெச்சு நிப்பாரு.

தொட்டி வந்த கதை இதுதான். மாமா பையனுக்கு ரொம்ப நாளாப் பொண்ணு அமையல. ஜாதகத்துல கொறையொண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்பறம் வாஸ்து பாக்கறவரு ஒருத்தரு வந்தாரு. போன்லயே திசை பாத்தாரு. ஊட்டச் சுத்தி நடந்து கடைசில எங்க தடத்துல வந்து நின்னு, "கன்னிமூலை லேசாக் கெடக்குதுங்க"ன்னாரு. தென்மேக்கு மூலையத்தான் கன்னிமூலைம்பாங்க. அங்க நல்ல பாரம் இருக்கோணுமாம். காம்பவுண்டுக்கு உள்ள அந்த மூலையில பையனோட காரு நிக்குது. காருக்கு மேல கூரையெல்லாம் போட்டிருக்குது. அதனால செவுத்துக்கு வெளிய, தடத்துல, எங்கயோ இடிச்ச ஊட்டுல இருந்து ஒரு கல்லுத்தொட்டியக் கிரேன்ல கொண்டாந்து எறக்கிட்டாங்க. அது வைகாசி. ஆவணி கடைசில பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு.

தொட்டியத் தாண்டி டிவிஎஸ் வண்டி போகும். ஆளு போலாம். ஆட்டோ போகாது. அப்ப எங்களுக்கு ஆட்டோவுக்கு வேலையில்ல. ஆனாலும் எங்கப்பா விடல. அவரு தறி ஓட்டறவரு. தெனமும் காலைல தறிக்குப் போறப்ப தொட்டிகிட்ட வண்டிய நிறுத்தி, செவுத்துக்கு மேல எட்டிப் பாத்துக் கேப்பாரு.

"ஏனுங் மச்சா, தொட்டி அங்கயே இருக்குதுங்களே."

"எடுத்தர்லாமுங் மாப்ள. ஆடி போகட்டுமுங்க. ஆடில எதையும் எடம் மாத்தக்கூடாது."

ஆடி போச்சு.

"ஏனுங் மச்சா."

"கல்யாணம் முடியட்டுமுங்க. அது முடியறதுக்குள்ள அசைச்சா நல்லாருக்காதுங்களே."

கல்யாணமும் முடிஞ்சுது. எங்கப்பா போயி பந்தில பரிமாறிப்போட்டு வந்தாரு. அடுத்த நாள் காலைல வண்டிய நிறுத்திட்டாரு.

"புரட்டாசிங்களே மாப்ள" அப்படின்னாரு மாமா.

சண்டைன்னா இதுதான் சண்டை. ஒருத்தருக்கொருத்தர் 'ங்க' போடாம ஒரு வார்த்த பேசல. வெளியூர்க்காரங்க யாராவது நின்னு கேட்டா, ரெண்டு பேரும் சேந்து தொட்டி வாங்கப் போறாங்கன்னுதான் நெனைப்பாங்க. நான் ஒருநாள் கேட்டேன், "ஏம்ப்பா, நீயே நாலு பேரக் கூட்டியாந்து தள்ளிப்போட வேண்டியதுதான"ன்னு. "அது எப்படி கண்ணு, அவரு எடுக்கறேன்னு சொல்லியிருக்கறப்ப"ன்னாரு.

ஐப்பசி வந்துச்சு. ஐப்பசில ஒரு கொறையும் சொல்ல முடியாதுன்னு அப்பா குசியா இருந்தாரு. காலைல வண்டிய நிறுத்துனாரு. மாமா யோசிச்சுப் பாத்து, "தீவாளி கழியட்டுமுங்க"ன்னாரு.

தீவாளி கழிஞ்சுது. அடுத்த வாரம் எங்கப்பா செத்துப் போயிட்டாரு.

நான் அப்ப மில்லுல இருந்தேன். எட்டாவதோட நின்னவ, நூல் சுத்தற கோன் மெசின் ஓட்டறேன். சூப்பர்வைசரு வந்து கூப்புட்டாரு. அவரு மொகத்தப் பாத்ததும் எங்கம்மாளுக்குத்தான் ஏதோன்னு நெனைச்சேன். எங்கம்மாளுக்குச் சக்கர. கால்ல புண்ணு. எது வந்தாலும் அம்மாளுக்குத்தான் வரும்னு நாங்க எல்லாரும் ரெடியா இருந்தோம். அப்பா உட்பட.

நெஞ்சு வலின்னு சொல்லி உக்காந்திருக்காரு. ஆம்புலன்ஸ் வந்திருக்குது. தடத்துக்குள்ள திரும்பப் பாத்துப்போட்டு ரோட்டுலயே நின்னுருச்சு. அப்பாவப் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு, டிரைவரும் மாமாவும் தூக்கிட்டு ரோட்டுக்குப் போயிருக்காங்க. ஆஸ்பத்திரில டாக்டரு, வர்றப்பவே உசுரு இல்லைன்னுட்டாரு. எங்க எப்பப் போச்சுன்னு அவரு சொல்லல. நானும் கேக்கல. அப்பறம் கேக்கலாம்னு நெனைச்சேன். அப்பறம் யாரப் போயிக் கேக்கறதுன்னு தெரியல.

பாடைய எடுக்கறப்பவும் தொட்டிகிட்ட திரும்பல. கொஞ்சம் சாய்ச்சுத்தான் எடுத்தாங்க. "பாத்துங்க, பாத்துங்க, செவுத்துல இடிக்குது"ன்னு மாமாதான் முன்னால நின்னு வழி சொன்னாரு. அழுதுட்டேதான் சொன்னாரு. அன்னைக்கு எங்கூட்டுக்குச் சோறு அவங்கூட்டுல இருந்துதான் வந்துச்சு.

முன்னால எங்கப்பாதான் அம்மாவ ஆஸ்பத்திரிக்கு டிவிஎஸ்ல வெச்சுக் கூட்டிட்டுப் போவாரு, புண்ணுக்குக் கட்டு மாத்த. கார்த்திகைல புண்ணு பெருசாயிருச்சு. கால மடக்கி வண்டில உக்கார முடியல. கீழ ஊனவும் கூடாதுன்னுட்டாங்க. ஒழுங்காக் கட்டு மாத்தலைன்னா வெரல எடுக்க வேண்டி வரும்னு நர்சம்மா சொன்னாங்க. வெண்டைக்காக் காம்பு கிள்ளற மாதிரி சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு ஆட்டோ வேணும்னு ஆச்சு. வாசலுக்கு.

நானும் எங்கப்பா மாதிரியே போயி செவுத்துகிட்ட நின்னேன்.

"மாமா, அம்மாளக் கூட்டிட்டுப் போகோணும். ஆட்டோ உள்ள வரமாட்டேங்குதுங்க."

"எடுத்தர்லாங் கண்ணு. உங்கூட்டுத் தீட்டு கழியட்டும். இப்ப நாம எதையும் தொடக்கூடாது."

அதனால எங்கம்மாளும் அதே பிளாஸ்டிக் சேர்லதான் போச்சு. ஆட்டோக்காரண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேற சேரு இல்ல. தொட்டிகிட்ட வந்ததும் அம்மா ரெண்டு கையாலயும் கால மேல தூக்கிக்கும். ஒருவாட்டி நான் கவனிக்கல, கட்டுப் போட்ட காலு தொட்டி மேல இடிச்சிருச்சு. அம்மா சத்தம் போடல. "இதா பாரு, உங்கப்பனையும் இப்படித்தான் இடிச்சிருக்கும்"னுச்சு.

தொட்டியப் பத்தி அம்மாளுக்கு அப்ப ஒரு முடிவு வந்திருந்துச்சு. துக்கம் கேக்க வந்த ஒறம்பரைச் சனத்துல ஒருத்தரு தடத்துலயே நின்னு, "ஏனுங்க, இது உங்களுக்கு ஈசானி மூலையாச்சே, இங்க பாரம் வெக்கலாமா"ன்னு கேட்டுப்போட்டுப் போயிட்டாரு. வடகெழக்கு மூலைதான் ஈசானி. அங்க பாரமே கூடாதாம், வெச்சா ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதாம். மாமா ஊட்டுக் கன்னிமூலையும் எங்கூட்டு ஈசானி மூலையும் ஒரே எடத்துல வந்து முட்டுது. அவங்களுக்கு வெச்ச பாரம் எங்களுக்கும் பாரம். அன்னைல இருந்து அம்மா, வர்றவங்க போறவங்க எல்லார்த்துகிட்டயும், "தொட்டிதான் அவரக் கொண்டுபோயிருச்சு"ன்னு சொல்ல ஆரம்பிச்சிருச்சு. அழாமச் சொல்லும்.

இன்னொரு பக்கம், தெனமும் காக்காய்க்குச் சோறும் அந்தத் தொட்டி வெளிம்புலதான் வெக்கச் சொல்லும். மழத்தண்ணி தேங்கிக் கெடக்கறதால காக்கா அங்கதான் வரும். செத்தவங்க காக்காயா வருவாங்கன்னு எல்லாரும் வெக்கறதுதான். "ஏம்மா, கொன்ன தொட்டி மேலயே சோறு வெக்கச் சொல்றே"ன்னு கேட்டேன். "உங்கப்பன் வேற எங்க வந்து நிப்பாரு"ன்னுச்சு.

அம்மா சொன்னது ஊரெல்லாம் போயி, மாமாவோட சம்பந்தியூடு வரைக்கும் போயிருச்சு. மருமகளோட அம்மா போன் பண்ணி, "ஒரு ஆளக் கொண்டுபோன தொட்டியா ஊட்டு மூலையில இருக்குது"ன்னு கேட்டாங்களாம்.

மார்கழி பொறந்திருந்துச்சு. நைட் ஷிப்டு முடிஞ்சு தூங்கி எந்திரிச்சு, மத்தியானம் துணி தொவைச்சுட்டு இருந்தேன். மாமா வந்தாரு. ஊட்டுக்குள்ள வரல. தொட்டிகிட்டயே நின்னாரு.

"ஏங்கண்ணு, அம்மா தூங்குதா?"

"தூங்குதுங்க."

"உங்கம்மா, தொட்டிதான் மாப்ளையக் கொண்டுபோயிருச்சுன்னு சொல்லுதாமா."

"சொல்லுதுங்க."

"நீ என்ன நெனைக்கறே?"

நான் துணியப் புழிஞ்சுட்டே நின்னேன். மாமாவே பேசுனாரு.

"இது வந்துதான் பையனுக்குக் கல்யாணம் ஆச்சு. நான் அப்படித்தான் நம்பறேன். அத நம்பிப்போட்டு இத மட்டும் இல்லைன்னு எப்படிச் சொல்றது சொல்லு. எனக்குத் தூக்கமே இல்ல கண்ணு."

அவருக்கு எங்கிட்ட இருந்து ஒரு வார்த்த வேணும்னு எனக்குத் தெரிஞ்சுது. அதெல்லாம் இல்லீங்க மாமா, ஹார்ட்டு, வர்ற நேரம் வந்துச்சுன்னு சொன்னா போதும். காப்பி குடிக்கப் போயிருவாரு. தொட்டி இங்கயே இருக்கும். ஆமாங்கன்னு சொன்னா நாளைக்கே எடுத்துருவாரு, ஆனா நான் அத நம்பல. எனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒண்ணுதான். அத மட்டும் சொன்னேன்.

"மூலையெல்லாம் எனக்குத் தெரியாதுங் மாமா. ஆம்புலன்ஸ் உள்ள வரல. சேரப் புடிச்சுட்டுப் போனது நீங்கதான். எத்தன நேரமாச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் மில்லுல இருந்தேன்."

மாமா தொட்டித் தண்ணியப் பாத்தாரு. கொசுப்புழு நெளிஞ்சுட்டு இருந்துச்சு.

"இந்த எடத்துலதான் சேரு திரும்பல"ன்னாரு. "கீழ வெச்சு மறுக்கா தூக்குனோம். கீழ வெச்சப்ப எங்கையப் புடிச்சாரு."

"என்னுங்க சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல."

"தொட்டியப் பத்தி?"

"இல்ல கண்ணு. கேட்டிருந்தாருன்னா நல்லாருந்திருக்கும். அன்னைக்கு மட்டும் கேக்கல."

மாமா துண்டெடுத்து மொகத்தத் தொடைச்சாரு. அப்பறம் பழக்க தோசத்துல, "சரி, ஒரு நல்ல நாளாப் பாத்து"ன்னு ஆரம்பிச்சாரு.

"வெள்ளிக்கெழம அம்மாளுக்குக் கட்டு மாத்தோணும் மாமா. ஆட்டோ வரோணும்."

"மார்கழி கண்ணு."

"தெரியுமுங்க."

வியாழக்கெழம மத்தியானம் கிரேன் வந்துச்சு. அப்ப ராகுகாலம். கிரேன்காரருக்கு அப்பத்தான் நேரம் இருந்துச்சாம். பையன் காரு மேல இருந்த கூரையப் பிரிச்சு, காரக் கொண்டுபோயி ரோட்டுல நிறுத்திட்டு, தொட்டியச் செவுத்துக்கு மேல தூக்கி உள்ள அந்த மூலையில எறக்குனாங்க. இப்பவும் அது கன்னிமூலைதான். வாஸ்துப்படி ஒரு கொறையும் இல்ல. இத வைகாசிலயே செஞ்சிருக்கலாம். வைகாசில காருக்குக் கூரை வேணும்னு இருந்துச்சு. பையன் ரோட்டுல காருக்கு ஒறை போட்டுட்டு நின்னான்.

வெள்ளிக்கெழம காலைல ஆட்டோக்காரண்ணன் வழக்கம் போல ரோட்டுல நிறுத்தி ஆரன் அடிச்சாரு. நான் போயி, "உள்ள வாங்கண்ணா"ன்னேன். "திரும்புமா"ன்னு கேட்டாரு. "திரும்புமுங்க"ன்னேன். எறங்கி நடந்து பாத்துப்போட்டு, அப்பறந்தான் ஆட்டோவ உள்ள விட்டாரு. வாசப்படி வரைக்கும் வந்துச்சு.

அம்மாவ ஏத்துனேன். தொட்டி கெடந்த எடம் வந்ததும் அம்மா ரெண்டு கையாலயும் கால மேல தூக்கிருச்சு. ஒண்ணும் இடிக்கல. தொட்டி இருந்த எடத்துல மண்ணு மட்டும் சதுரமா, ஈரமா இருந்துச்சு.

மாமா செவுத்துக்கு அக்கட்ட நின்னுட்டு இருந்தாரு.

"ஏனுங்ணா, எடுத்துப்போட்டீங்களாட்ட இருக்குது" அப்படின்னுச்சு அம்மா.

"எடுத்துப்போட்டேனுங் அம்மணி."

"மார்கழிங்களே."

"ஆமாங்க. மார்கழிதான்."

ஆட்டோ கெளம்பிருச்சு.

புண்ணு இன்னும் முழுசா ஆறல. வெரலு இருக்குது. ஆட்டோ வாசலுக்கு வருது. அந்தச் சேர நான் மாடிப்படிக்கு அடியில போட்டுட்டேன், அம்மா கேக்கறப்ப உடைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன்.

காக்காதான் எங்கூட்டுக்கு வர்றதில்ல. தண்ணி அங்க இருக்குதுன்னு தெனமும் காலைல மாமா ஊட்டுச் செவுத்து மேல போயி உக்காந்து கத்துது. எங்கப்பா வண்டிய நிறுத்துற அதே நேரம். மாமா வெளிய வந்து அதுக்குச் சோறு வெக்கறாரு. நான் அம்மாகிட்ட, நாம வெக்கறத அது தொடறதேயில்லம்மான்னு சொன்னேன்.

"போகட்டும் விடு" அப்படின்னுச்சு அம்மா. "எடுத்தது உங்கப்பனுக்குத் தெரியாதுல்ல. கேட்டுப்போட்டு வரட்டும்."