ஊர்ப்பெயர் உடைந்த கல்

ஜேம்ஸ்ராஜ் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்றவர். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்: "எழுதி வச்சிருக்கதெல்லாம் நடந்ததுன்னு நம்பிராதீங்க. யாரு எழுதுனா, யாருக்காக எழுதுனான்னு கேளுங்க." பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதோடு மறந்துபோனார்கள். அவருக்குத்தான் மறக்கத் தெரியவில்லை.

போன மாசியில் விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாரித்தாய் அவரைத் தேடி வந்தாள். மல்லியும் மிளகாயும் விதைக்கிற சம்சாரி. அவள் ஊர் ஊருணியையும் சேர்த்து ஒரு சோலார் கம்பெனி வளைத்துவிட்டது. சர்க்கார் ஆவணத்தில் அந்த இடம் வெறும் தரிசு. ஊரார் வழக்குப் போட்டிருந்தார்கள். பெருமாள் கோயில் படியாகக் கிடந்த ஒரு கல்வெட்டைத் தவிர அவர்களிடம் வேறு ஆதாரம் இல்லை.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். கல்லு பொய் சொல்லுமா?"

"கல்லு சொல்லாதும்மா. வெட்டச் சொன்னவன் சொல்லுவான்" என்றார். ஆனாலும் போனார்.

சுண்ணாம்புப் பொடியைத் தடவி, வெயிலில் குப்புறப் படுத்து எழுத்துக்கூட்டினார். யாரோ ஒரு பாளையக்காரர், குடிகள் தண்ணீருக்குத் தவிப்பதைப் பார்த்து ஒரு குளம் வெட்டிக்கொடுத்திருக்கிறார். அதற்குக் கேடு செய்கிறவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவானாம். மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. எந்த ஊர் என்று எழுதிய இடமும் இல்லை. படிக்கு அளவாகக் கல்லை உடைத்தபோது அந்த மூலை போய்விட்டது.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்தக் கல் சொல்லும் குளம் இதே ஊருணிதானா?"

"பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கணும்."

"உறுதியாகச் சொல்ல முடியுமா?"

மாரித்தாய் சுவரோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது."

"செய்யாததைச் செய்ததாகவும் இப்படிக் கல்லில் வெட்டிக்கொள்வார்களா?"

"அதுவும் உண்டு. ஆனா தரிசுங்கிற அந்த ஆவணமும் யாரோ ஒருத்தர் எழுதினதுதானே? கோடையில வந்து பாத்தாங்களா, மழைக்குப் பெறகு வந்து பாத்தாங்களான்னு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்."

ஆவணத்தை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் மாரித்தாய் அவரைத் திட்டவில்லை. "உள்ளதத்தான சொன்னீங்க சார்" என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வீட்டில் மனைவி நேசம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்லா?"

"எனக்கு அது தெரியாதே, நேசம்."

"அந்தப் பொம்பளைக்குத் தெரியும்லா. அவ குடிச்ச தண்ணிதான?"

மேல்முறையீட்டுக்கு ஊராரிடம் வழி இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே லாரி லாரியாகச் சரளை கொட்டி ஊருணியைத் தூர்த்துவிட்டார்கள்.

தை பிறந்ததும் அவர் ஒருநாள் போய்ப் பார்த்தார். பெருமாள் கோயிலைக் கம்பெனியே புதுப்பித்துக் கொடுத்திருந்தது. பழைய படிகளுக்கு மேல் வழுவழுவென்று கிரானைட் ஒட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு கறுப்புப் பலகை. இவ்வூர் மக்களின் தாகம் தீர்த்த கம்பெனி என்று பொன்னெழுத்தில், ஊர்ப் பெயரோடு, தேதியோடு. அதற்குப் பக்கத்தில் நின்ற பிளாஸ்டிக் தொட்டியில் குழாயே பொருத்தவில்லை.

ஜேம்ஸ்ராஜ் பலகையை முழுதும் வாசித்தார். சந்தேகப்பட ஒரு எழுத்துகூட அதில் சிதையவில்லை.

மாரித்தாய் ஊரில் இல்லை. ஆடுகளை விற்றுவிட்டு மகளோடு திருப்பூர் போய்விட்டாளாம். பஸ் வர நேரமிருந்தது. ஊருணி இருந்த இடத்துச் சோலார் பேனல்களிலிருந்து வெக்கை முகத்தில் அடிக்க, ரோட்டோரம் நின்றுகொண்டே இருந்தார்.