அடிப்படை வசதி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்வந்தேன். மில்லில் எங்கள் பிரிவில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆண்களுக்குக் கழிப்பறை இருந்தது. எங்களுக்கு மதிலை ஒட்டிய சீமைக்கருவேலம் புதர். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி காவல் நிற்க வேண்டும்.

பொறுக்க முடியாமல் சங்கத்தில் முறையிட்டோம். சங்கத் தலைவர் நல்ல மனிதர். ஆனால் கழிப்பறை என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. மில் வாசலில் கூட்டம் போட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் சொல்லுதத அப்படியே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லுங்க. ஆண்டாள் தோள்லயே கிளிதான் இருக்கு, மறந்துராதிய."

"அண்ணாச்சி, அது இலையில செஞ்ச கிளி. பேசாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

"செய்து கொடு! செய்து கொடு! அடிப்படை வசதி செய்து கொடு!"

தொண்டை கட்டும்வரை நாங்களும் கத்தினோம். நடுவில் மைக் சரிந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "ஏலே, மைக்க செத்த தூக்குலே" என்றார் தலைவர். "மைக்க செத்த தூக்குலே!" என்று கையை உயர்த்தி முழங்கினோம்.

அடுத்த வாரமே வசதி வந்தது. பெரிய குடிதண்ணீர்த் தொட்டி, வரிசையாகக் குழாய்கள், சங்கிலியில் கட்டிய டம்ளர். மானேஜரே திறந்துவைத்தார். தலைவர் அவருக்கு மாலை போட்டார். நாங்கள் கைதட்டினோம். சித்திரை வெயில், ஆசை தீரக் குடித்தோம். மதியத்துக்குள் புதர்ப் பக்கம் வரிசை நின்றது.

அந்த வரிசையில் கால் மாற்றி மாற்றி நின்ற வத்திராயிருப்பிலிருந்து வரும் அக்கா ஒருத்தி, சட்டென்று விலகி மானேஜர் அறை ஜன்னலுக்கு நேரே போய் நின்றாள்.

"ஒண்ணுக்குப் போக எடம் வேணும்!"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு நான் சொன்னேன். பக்கத்தில் நின்றவள் சொன்னாள். கடைசியில் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்.

மானேஜர் ஓடிவந்தார். "மெதுவாம்மா, நூல் வாங்க வந்தவங்க உள்ள இருக்காங்க."

"அவியளுக்கும் கேக்கட்டும் சார்" என்றாள் அக்கா.

தலைவரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஏம்மா, கொஞ்சம் நாகரிகமாக் கேக்கப்பிடாதா?"

"நீங்க நாகரிகமாக் கேட்டுத்தான் அண்ணாச்சி தண்ணி வந்துச்சு."



அந்த மாதம் முடிவதற்குள் கதவும் தாழ்ப்பாளும் வைத்த கழிப்பறைகள் எழும்பிவிட்டன. முதல் நாள், அவசரம் இல்லாதவர்கள்கூட உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வந்தோம்.