நான் எழுதிக் கொடுக்காத கடிதம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் எனக்கொரு வீடு இருந்தது. அதன் நிலவறையை வாடகைக்கு விட்டிருந்தேன். நகரசபையிடம் அனுமதி எடுக்கவில்லை. வரிப் படிவத்தில் வாடகையைக் காட்டவுமில்லை. யாராவது கேட்டால் கீழே இருப்பது சொந்தக்காரர் என்று சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். ஊரில் ஏழு தலைமுறையாகப் பிறந்திராத அளவு சொந்தக்காரர் ரொறன்ரோவின் நிலவறைகளில் பிறந்தார்கள்.

என் நிலவறையில் இருந்தவர் மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண். கணவர் இல்லை, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். அரசாங்க உதவிப்பணத்தில் வாழ்ந்தார். வாடகையோடு, வீட்டைச் சூடாக்கும் காஸ் பில்லிலும் பாதி கொடுத்தார். ஆனால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி எங்கள் சுவரில் இருந்தது. மேலே நான் மெல்லிய சட்டையோடு பத்திரிகை படித்தேன். கீழே அந்தப் பிள்ளைகள் ஜக்கெற்றைக் கழற்றாமல் வீட்டுப்பாடம் எழுதினார்கள். சூடு மேலே போகும், குளிர் கீழே தங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் விஞ்ஞானப் பட்டதாரி.

மார்கழியில் ஒருநாள் அவர் மேலே வந்தார்.

“அண்ணை, ஹீற்றுக்கு நான் வேறயாக் காசு தாறன் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. அதைக் குடுத்தால் கவண்மேந்து உதவி செய்யுமாம். பிறகு நீங்கள் கொஞ்சம் கூட்டி விடலாம். கூடுற காசை நானே தருவன்.”

“தங்கச்சி, உந்தப் பிச்சைக் காசுக்கு ஏன் அலையிறீர்? வெள்ளைக்காரன் எங்கட சனத்தைப் பற்றி என்ன நினைப்பான்?”

“அவன் நினைக்கிறதை நினைக்கட்டும் அண்ணை. சின்னவளுக்கு இருமல் நிக்குதில்லை.”

“பார்ப்பம்” என்றேன்.

இனத்தின் மானம் என்று நான் பேசியதெல்லாம் பம்மாத்து. கடிதம் கொடுத்தால் வாடகை வாங்குவது தெரிந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான். ஊரில் நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், அதிகாரியாக இருந்தவன். நிவாரணம் கேட்டு வந்தவர்களிடம் கிராமசேவகரின் கடிதம் எங்கே என்று கேட்டே சம்பளம் வாங்கியவன். கடிதமில்லாமல் வந்த கிழவர்களை வெயிலில் திருப்பி அனுப்பியதை அந்த நாட்களில் நேர்மை என்று நினைத்தேன். இங்கே கடிதம் கொடுக்கவேண்டிய முறை என்னுடையதாக வந்தபோது, என் பேனா எழும்பவில்லை.

இரண்டு கிழமை இழுத்தடித்தேன். ஒரு காலை உதவிப்பண அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்து, கீழே இருப்பவர் வெப்பச் செலவைத் தனியாகக் கொடுக்கிறாரா என்று கேட்டார். அவர் என் சொந்தக்காரர், அப்படி எதுவும் வாங்குவதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அருமையான ஆங்கிலம். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, உண்மையும் ஒன்றுகூட இல்லை.

திரும்பிப் பார்த்தால், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த அவர், பக்கக் கதவடியில் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணை, நான் உங்களுக்கு என்ன முறை?”

“என்ன கேக்கிறீர்?”

“சொந்தமெண்டு சொன்னனீங்கள். பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க வேணும், உங்களை மாமா எண்டு கூப்பிடுறதோ பெரியப்பா எண்டு கூப்பிடுறதோ எண்டு.”

“உமக்குச் சட்டம் விளங்காது” என்றேன். இவ்வளவு படித்தவனுக்கு வந்த பதில் அதுதான்.

உதவி மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் எந்தக் கடிதமும் இல்லாமல், இரண்டு விரலால் அந்தப் பெட்டியைக் கூட்டியிருக்கலாம். கூட்டினால் என் பிழையை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சும்மா இருந்தேன். ஒரு குழந்தையின் இருமலைவிட என் மரியாதை எனக்குப் பெரிதாக இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும் போலிருக்கிறது.

தை மாதத்தில் ஒஷாவாவிலிருந்து யாரோ வான் கொண்டுவந்து அவர்களை ஏற்றிப்போனார்கள். சின்னவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிப்போனதை நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வெளியே போகவில்லை. பிறகும் தேடிப் போகவில்லை.

ஏன் நடுக்குளிரில் போனார்கள் என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். உதவிப்பணத்தில் இருக்கிற சனம் ஓரிடத்திலும் நிலைக்காது என்றேன். எல்லோரும் ஓமோம் என்று தலையாட்டினார்கள். அவர்களின் வீடுகளுக்குக் கீழேயும் சொந்தக்காரர் இருந்தார்கள்.