ஐந்தாவது பாட்டு

முதல்முறை அந்த அமெரிக்கப் பாட்டைக் கேட்டபோது, யாரோ யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆம்பூரில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். போதகரின் மகன் பக்கத்தில் வந்து நின்றான். காட்பாடியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். தன் சிடி வாக்மேனின் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"கேளுங்கக்கா. புது ஆல்பம். வேலூருக்கு வந்திருந்த ஒரு வெள்ளக்கார ஸ்டூடண்ட் குடுத்துட்டுப் போனான்."

நெஞ்சில் இடிக்கிற தாளம். ஒரு பெண் பல்லவியை இழுத்துப் பாடுகிறாள். நடுவில் ஒருவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிறான். 'ஜீசஸ்' என்ற சொல்லைத் தவிர எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

"இன்னா தம்பி, இவன் யாரத் திட்றான்?"

அவன் சிரித்தான். "திட்டலக்கா, சாட்சி சொல்றான். அவன் தெருவுல நடக்கறது, அவங்கப்பா குடிச்சது, போலீஸ் புடிச்சிட்டுப் போனது, எல்லாத்தையும் அப்டியே கர்த்தர்கிட்ட சொல்றான்."

கர்த்தரிடம் இப்படிப் பேசலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் சபையில் ஜெபம் என்றால் நன்றி சொல்வதுதான். மழை பெய்தால் நன்றி, பெய்யாவிட்டாலும் நன்றி.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தேன். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விலகியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றே காலத்தை ஓட்டியவர். விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். குழம்பு ஊற்றிப் பிசையும்போது காரம் பட்டுக் கையை உதறுவார். அதனால் அம்மா அவருக்கு ஸ்பூன் வாங்கிவைத்திருந்தாள். டேனரிக் கழிவு இறங்கி, எங்கள் தெரு போர் பம்பில் வரும் தண்ணீர் பழுப்பாக இருக்கும். அதில் துவைத்தால் வெள்ளைத் துணி ஒரே மாதத்தில் மஞ்சளாகிவிடும். குடிதண்ணீர் லாரி வரும் நாளில் அம்மா தெருவில் தொண்டை கிழியச் சண்டை போட்டு நான்கு குடம் பிடித்து வருவாள். இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. பழகிப்போனதை நினைத்துத்தான் அந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது.

சிடியையும் வாக்மேனையும் இரண்டு வாரம் இரவல் வாங்கினேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதையே கேட்டேன். மொழி புரியாவிட்டாலும், எந்த இடத்தில் அவன் பல்லைக் கடிக்கிறான், எந்த இடத்தில் அழுகையை விழுங்குகிறான் என்பதெல்லாம் தெரிய ஆரம்பித்தது.

சிடியைத் திருப்பிக் கொடுத்த அன்று தம்பி சொன்னான். "தமிழ்ல இது மாதிரி ஒண்ணு பண்ணப் போறேன்க்கா. நம்ம சபைப் பேர்ல ஆல்பம். நீங்கதான் கிறிஸ்மஸ் நாடகத்துக்கெல்லாம் வசனம் எழுதுறீங்களே, எனக்கு ஒரு ராப் எழுதிக் குடுங்க. மனசுல இருக்கறத அப்டியே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். மூன்று நாள் மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு கேன்டீன் மூலையில் உட்கார்ந்து எழுதியது இப்படித் தொடங்கும்:

பேரு மட்டும் பாலாறு, பால் எங்க ஆறு எங்க கூறு
போரு தண்ணி மொண்டு பாரு, டீ டிகாஷன் கலரு
கானாவூரு கல்யாணத்துல மாத்துன தண்ணிய ரசமா
எங்க ஊருல மாத்திட்டாங்க ஏசப்பா, அதே தண்ணிய விஷமா

கானாவூர் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கியது பைபிள் கதை. அந்த வரிகளுக்குப் பிறகு அப்பாவின் கையைப் பற்றி எட்டு வரி. ஆணி அடித்த கையைச் சந்தேகப்பட்ட தோமாவுக்குக் காட்டினாயே, சுண்ணாம்பு தின்ற இந்தக் கையை நீ வந்து பார் என்று முடியும். தம்பி படித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பி நீட்டினான். "இத நீங்களே சொல்லுங்கக்கா. வேற யார் சொன்னாலும் வராது" என்றான்.

போதகர் குடியிருக்கும் குருமனையின் பின்னறையில்தான் ரெக்கார்டிங். ஜன்னலை மெத்தை வைத்து அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டான். வியர்வை கண்ணில் வழிய வழிய ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கம்ப்யூட்டரில் அதைத் திரும்பப் போட்டுக் காட்டினான். என் குரலை வெளியிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. லாரிக்கு முன்னால் நிற்கும் அம்மாவின் குரல் அதில் இருந்தது.

"மெரட்டிட்டீங்கக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "உன் கையப் பத்திப் பாட்டு எழுதியிருக்கேம்பா. சிடியில வரப்போவுது." அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் பத்தி எழுத இன்னா இருக்குது?" என்றார். ஆனால் தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டார்.

அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் சிடியை வெளியிட்டார்கள். ஜெபித்து, ரிப்பன் வெட்டி, வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். நாங்கள் மூவரும் வேகமாக வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். விசிடி பிளேயரில் போட்டால் நீலத் திரையில் பாட்டின் எண் மட்டும் தெரியும். முதல் நான்கும் இனிமையான பாட்டுகள்தான். ஐந்தாவது பாட்டில் எனக்குத் தெரிந்த தாளம் வந்தது. அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு ஆண் குரல். சென்னையிலிருந்து யாரையோ வரவழைத்துப் பாட வைத்திருக்கிறார்கள். வழவழவென்று, எழுத்துக்கு எழுத்து திருத்தமாக:

கானாவூர் கல்யாணத்தில் மாற்றினாய் தண்ணீரை ரசமாய்
என் பாவ வாழ்வையும் மாற்றினாய் இயேசுவே, உன் வசமாய்

பாலாறு இல்லை. போர் இல்லை. விஷம் இல்லை. ரசமும் அதற்கு எதுகையும் மட்டும் மிஞ்சியிருந்தன. அப்பாவின் கை வர வேண்டிய இடத்தில் கிட்டார் வாசித்தார்கள். அவர் பாட்டு முடியும்வரை காத்திருந்தார். ஆறாவது பாட்டு தொடங்கிய பிறகும் காத்திருந்தார்.

"உன்னுது எப்பம்மா வரும்?"

"வராதுப்பா."

அட்டையை எடுத்துப் பார்த்தேன். பாடல்கள், இசை: போதகரின் மகன் பெயர். சிறப்பு நன்றி: சபைச் செயலாளர் பெயர். செயலாளர் ஒரு டேனரியில் மேனேஜர். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் குருமனைக்குப் போனேன்.

போதகர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் சாய்ந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பொறுமையாகப் பேசினார். அந்தப் பொறுமையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இதுல மகிமை யாருக்கும்மா? கர்த்தருக்குத்தானே? ஊழியத்துல என் பேரு, உன் பேருன்னு பாக்கலாமா?"

"அப்போ அட்டையில தம்பி பேரு எதுக்குங்கையா? கர்த்தர் பேர மட்டும் போட்டிருக்கலாமே?"

கண்ணைத் திறந்தார். "பெருமை பொல்லாதது. வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணு" என்றார்.

தம்பி என் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு பேசினான். "சபைக் கமிட்டில போட்டுக் காட்டினேன்க்கா. செக்ரட்டரி ஒத்துக்கல. தண்ணி விஷம்னு பாடினா எந்தக் கம்பெனியச் சொல்றீங்கன்னு கேப்பாங்களாம். உங்க வேலைக்கும் பிரச்சனைன்னு சொன்னாரு. உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லது இருக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

அவன் கேட்டைத் திறந்துவிட்டான்.

"சரி, வார்த்தைய மாத்தினீங்க. கொரல எதுக்கு மாத்தினீங்க?"

கேட்டின் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "அது... கொஞ்சம் லோக்கலா இருக்குதுன்னாங்கக்கா."

அமெரிக்காவில் ஒருவன் தன் தெருப் பேச்சில் தன் தெருவைப் பாடினால் அது சாட்சி. ஆம்பூரில் ஒருத்தி அதையே செய்தால் லோக்கல். இதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. "நீயெல்லாம் இன்னாடா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். வழியெல்லாம் அழுகை முட்டியது. அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அதுவரை பாடிவந்த சபைப் பாடகர் குழுவுக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை. பாட்டு என்னை விடவில்லை. செயலாளர் தனக்குத் தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் அந்த சிடியைக் கொடுத்திருந்தார். எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் அதைத் தினமும் போட்டார். பெண்களுக்கு ஐந்தாவது பாட்டுதான் பிடித்திருந்தது. தாளம் போடுவார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு நாள் காலை, கிட்டார் வரும் அந்த இடத்தில், என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. அப்பாவின் கை வரிகளை அதே தாளத்தில் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல் செக்‌ஷன் பாய் வீட்டு அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாடி இது? எங்க வாப்பா கை மாதிரியே இருக்குது. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். பாலாற்று வரிகளையும் சொன்னேன். இது யார் எழுதினது, ஏன் மாத்தினாங்க என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாளிலிருந்து, சிடியில் அந்தப் பாட்டு வரும்போது பஸ்ஸே என் வரிகளைச் சொன்னது. நெற்றியில் பொட்டு வைத்தவர்கள், முக்காடு போட்டவர்கள் எல்லாரும் "அதே தண்ணிய விஷமா" என்று கத்துவார்கள். சென்னைக்காரனின் வழவழப்பு அதில் காணாமல் போய்விடும்.

இரண்டு வாரம்தான். கம்பெனியில் ஆள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது. "பஸ்ல பாட்டு வேணாம். டிரைவருக்கும் சொல்லியாச்சு" என்றார் ஆபீசர். அடுத்த திங்கட்கிழமை என்னைச் செக்கிங்கிலிருந்து பேஸ்டிங்குக்கு மாற்றினார்கள். கோந்து நாற்றத்தில் மதியத்துக்குள் தலை சுற்றும். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். ஆள் கம்மி என்றார்கள். ஒன்றரை வருஷம் அங்கேயே வைத்திருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகித் திருப்பத்தூருக்கு வந்த பிறகுதான் அந்த வேலையை விட்டேன்.

திருப்பத்தூர் வீட்டுக்கு ஒரு நாள் போன் வந்தது. தம்பி. பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். என் அம்மாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறான்.

"அக்கா, ரொம்ப நாளா உறுத்துதுக்கா. நான் பண்ணது தப்பு. மன்னிச்சிருங்க."

ஒன்று கேட்டேன். "நான் பேசினது இருக்குதா? அந்த ரெக்கார்டிங்?"

"அந்தக் கம்ப்யூட்டர ஃபார்மட் பண்ணிட்டேன்க்கா. எடுத்து வெக்கணும்னு தோணல."

பரவாயில்லை தம்பி என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான். மன்னிக்க வேண்டும் என்றுதான் ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறேன். ஏழெழுபது தரம் என்ற கணக்குகூடத் தெரியும். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது.

"சரி, வெக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டு உள்ளே போனேன்.