எல்லாப் பல்லும் ஒரே வெள்ளை

என் அக்காவின் முன்பல்லில் ஒன்று அசல் இல்லை. படிக்கிற காலத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து பாதி உடைந்ததைச் சீவி, மேலே பீங்கான் உறை மாட்டினார்கள். பல் டாக்டரம்மா அதைக் கேப் என்பார், நான் தொப்பி என்பேன். மற்ற பற்களின் இளமஞ்சளுக்கு ஏற்றபடி செய்திருந்ததால், அவளைக் கட்டிக்கொண்ட மாமாவுக்கே கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் தெரியும். நாக்காவது அசல்தானே என்றாராம் அந்த மனுஷன்.

அக்கா வாய்விட்டுச் சிரிப்பவள். அதைப் பார்த்துத்தான் பல் வெளுக்கும் கடையில் வரவேற்பு வேலை கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவு, இரண்டு சாய்வு நாற்காலி, வெளுக்கும்போது பல்மேல் அடிக்க ஒரு நீல விளக்கு. டாக்டர் என்று யாரும் கிடையாது, ஒரு முதலாளியம்மாதான் எல்லாம். வாசல் பலகையில் போடப் படம் வேண்டும் என்று சேர்ந்த கையோடு அக்காவையே நாற்காலியில் சாயச் சொன்னார். ஒரு பல் கேப் என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். எல்லாப் பல்லும் பல்லுதானே என்று மருந்தைப் பூசிவிட்டார் மகராசி.

பீங்கான் எங்கேயாவது வெளுக்குமா? சொந்தப் பற்கள் வெளுத்தன, தொப்பி மட்டும் பழைய மஞ்சளில் நின்றது. பற்கூச்சம் வராமலிருக்க என்று வாராவாரம் புளிப்பான ஃப்ளோரைடு ஜெல்லை வேறு அப்பினார்கள். அந்தப் புளிப்பு பீங்கானின் மினுமினுப்பை அரித்துச் சொரசொரப்பாக்கிவிட, குடித்த டீயின் கறையெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். பீங்கான் இருக்கிற வாய்க்குப் புளிப்பில்லாத ஃப்ளோரைடுதான் வைக்க வேண்டும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றார். வெளுத்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அது ஒரு நிலைக்கு வந்த பிறகு புதுக் கேப் செய்யலாம் என்றார். பொறுக்க விட்டால்தானே! உடனே படம் எடுக்க வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். மாமா அப்போது வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அக்கா அந்த வெள்ளைக்கே கேப் போட்டுக்கொண்டாள். பழையதை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது, உள்ளே இருந்த கட்டைப் பல்லும் இன்னும் மெலிந்து போயிற்று.

சில மாதங்களில் மற்ற பற்கள் மஞ்சளுக்குத் திரும்பின. தொப்பி அசையவில்லை. மறுபடி மாற்றலாம் என்று போனால், இனி அறுத்தால் பிடிமானம் இருக்காது, பல்லையே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். பல்லுக்காகத் தொப்பி போட்டது போய், தொப்பிக்காக மற்ற பற்கள் வெளுத்தபடியே இருக்க வேண்டும். வெளுக்க வெளுக்கக் கூச்சம். ஆறிய வெந்நீரைக்கூட ஒரு ஓரமாகத்தான் குடிக்கிறாள்.

விட்டுத் தொலையேன் என்று கத்தினேன்.

"விட்டா நடுவுல ஒத்தப் பல்லு மட்டும் பளிச்சுனு நிக்கும்டி," என்றாள். "அப்புறம் அந்தக் கடையில என்னை எதுக்கு வெச்சுப்பாங்க?"

அதற்கும் திட்டினேன். இனி கேப் போட்ட யாரையும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். இளம்பெண் ஒருத்தி வந்து விவரம் கேட்டாள். அவள் முன்பல்லின் ஈறோரம் மெல்லிய கறுப்புக் கோடு. அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முதலாளியம்மா உள்ளே இருந்தார். அக்கா மேஜைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அது கேப்தானே? அது வெளுக்காதும்மா. மத்ததெல்லாம் வெளுத்து அது மட்டும் தனியா தெரியும். முதல்ல உங்க டாக்டரைக் கேளுங்க."

அந்தப் பெண் வாசல் பலகையில் இருந்த அக்காவின் படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நல்லாத்தானே வந்திருக்கு?"

"எனக்கும் ஒண்ணு கேப்தான். அதனால படுற பாட்டுலதான் சொல்றேன்."

"எது?"

அக்கா உதட்டைத் தூக்கி விரலால் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்து, இப்படியும் அப்படியுமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வித்தியாசம் தெரியவில்லை. சிரித்துவிட்டாள்.

"கண்டுபிடிக்கவே முடியலையேக்கா. எனக்கும் இதே மாதிரி வந்தா போதும்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

அக்கா உதட்டிலிருந்து விரலை எடுக்க மறந்து நின்றாள். உள்ளே நீல விளக்கைப் போட்டார்கள்.