இன்னும் பிறக்காத பெண்ணுக்குப் பிறப்புச் சான்று

நேபாளத்தில், தான்சேன் ஊர் பஜாருக்குக் கீழே இருக்கும் ஒரு வார்டு அலுவலகத்தில் தில்குமாரி ஆலே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வயது நாற்பத்தொன்று, வேலை ஒப்பந்தம், வாய் மட்டும் நிரந்தரம். அவளுக்கு நாள் எண்ணுகிற பைத்தியம் உண்டு. கத்தாரில் இருக்கும் கணவன் ஊர் திரும்ப இன்னும் இருநூற்றுப் பதினோரு நாள் என்று சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருந்தாள். எருமை ஈன எத்தனை நாள், தன் ஒப்பந்தம் முடிய எத்தனை நாள், எதைக் கேட்டாலும் சட்டென்று சொல்வாள். புருஷன்கூடப் போனில் பயந்து பயந்துதான் பேசுவான்.

அன்றைக்கு 2080, ஜேட் மாதம் ஐந்தாம் தேதி. நேபாளத்துக் கணக்கு அது. ஆங்கில வருஷத்துக்கு ஏறக்குறைய ஐம்பத்தேழு வருஷம் முன்னால் ஓடும். பகல் இரண்டு மணிக்கு ஜுனு ராணா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வாலிபால் ஆடுகிறவள், அந்த உயரம். மறுநாள் புட்வலில் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் போட்டி. மூன்று மணிக்குப் பஸ். எதிர் அணியின் கோச், ஜுனுவுக்குப் பதினாறு முடிந்துவிட்டது என்று புகார் எழுதிவிட்டான். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாவிட்டால் அவள் வெளியே. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு.

வீட்டிலிருந்த சான்றை எலி தின்றிருந்தது. அம்மாவைக் கேட்டால், "மக்காச்சோளத்துக்குக் களை எடுக்கிறப்போ பொறந்தா. பைசாகோ ஜேட்டோ, யாரு கண்டா?" என்றாள். பைசாக் ஜேட்டுக்கு முந்தின மாதம். அதுவென்றால் பதினாறு முடிந்தது, ஆட்டமும் முடிந்தது. அலுவலகப் பதிவேடு போன மழையில் ஒழுகிக் கூழாகிவிட்டது. மிஞ்சியது கம்ப்யூட்டர் பிரதி. அதையும் யாரோ புண்ணியவான் புதுக் கோப்புக்கு மாற்றியதில், பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். ஜுனுவுக்கு நேரே 59947.

வார்டு செயலாளர் லோச்சன் ரேக்மி, அலுவலகத்துக்கு அவர்தான் ஹாகிம், அதாவது பெரியவர், திரையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "என்ன தங்கச்சி இது, லாட்டரி நம்பரா?"

"தெரியல ஹாகிம். காட்மாண்டுக்குப் போன் போட்டேன். கோப்பு கெட்டுப்போச்சாம், சரி பண்ண மூணு வாரமாம்."

"மூணு வாரமா?" என்றாள் ஜுனு. குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

தில்குமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மௌஸைப் பிடித்துப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். மிட்டாய்க்கடை சாக்கியாவின் இரட்டைப் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். ஒருவன் நள்ளிரவுக்கு முன்னால் பிறந்தவன், மற்றவன் பின்னால், ஊரே அறியும். அவர்கள் எண்கள் 60011, 60012.

"அட நாசமாப் போறவனே," என்று கம்ப்யூட்டரைத் திட்டினாள். "நீயும் என்னை மாதிரி நாள்தான் எண்ணிட்டு இருக்கியா?"

எங்கிருந்து எண்ணுகிறது? வெற்றுக் கட்டத்தில் ஒன்று என்று அடித்து, அதைத் தேதியாக்கச் சொன்னாள். 1900 ஜனவரி 1 என்றது. இரண்டு போட்டால் ஜனவரி 2. குஷியில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரேக்மியையும் சும்மா விடவில்லை. அவர் பிறந்த இங்கிலீஷ் தேதியைக் கேட்டு அடித்து, "ஹாகிம், நீங்க இருபத்தி நாலாயிரத்துச் சொச்சம்," என்றாள். அவர் அந்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் குறித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பெரிய மனுஷன்தான், ஆனாலும் ஆசை யாரை விட்டது.

பிறகு 59947. 2064 பிப்ரவரி 15 என்று வந்தது.

ரேக்மி விழுந்து விழுந்து சிரித்தார். "இங்கிலீஷ் வருஷம் 2064 வர இன்னும் நாற்பது வருஷம் கிடக்கு. பொண்ணு இன்னும் பொறக்கவே இல்ல. வயசு கம்மின்னு தாராளமா எழுதிக் குடுக்கலாம்."

"ஹாகிம், இது நம்ம 2064. யாரோ நம்ம தேதியை அடிச்சிருக்காங்க, இந்த முட்டாள் அதை இங்கிலீஷ்னு நினைச்சு முழுங்கியிருக்கு. ரெண்டாம் மாசம், பதினஞ்சு. அதாவது ஜேட் பதினஞ்சு."

ரேக்மியின் சிரிப்பு நின்றது. "நீ சொல்றே. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா? கையெழுத்து என்னோடது தங்கச்சி. ஆதாரம் குடு."

மணி இரண்டே முக்கால். ஜுனு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தில்குமாரி பட்டியலை மறுபடி உருட்டினாள். எண்கள் எல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, நாலே நாலு மட்டும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. எண்ணாக மாறாமல், அடித்தபடியே. முதலாவது: 2063-03-32.

மூன்றாம் மாதம் அசார், தேதி முப்பத்திரண்டு. நம் ஆனிக்கும் அந்தக் கொழுப்பு உண்டு, சில வருஷம் அசாருக்கும் உண்டு. கம்ப்யூட்டர் அறிந்த மாதங்களில் அப்படி ஒரு நாள் கிடையாது. அதனால் அதை மட்டும் முழுங்க முடியாமல் துப்பியிருந்தது.

"ஹாகிம், இங்கிலீஷ்காரன் எந்த மாசத்துல முப்பத்திரண்டு வச்சிருக்கான், சொல்லுங்க. அப்போ அடிச்சவன் முழுக்க நம்ம தேதியத்தான் அடிச்சிருக்கான்."

ரேக்மி நாலு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நாலும் முப்பத்திரண்டு. முத்திரையை எடுத்தார்.

"அக்கா, அப்போ நான்?" என்றாள் ஜுனு.

"உனக்குப் பதினாறு ஆக இன்னும் பத்து நாள் இருக்குடி."

ஜுனு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து விக்கல் வந்துவிட்டது. தில்குமாரி அவளை இழுத்து நிறுத்தி, காகிதத்தைக் கையில் திணித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஓடவிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கே கால் தரையில் நிற்கவில்லை.

பஸ் ஹாரன் கேட்டு ஓய்ந்ததும் ரேக்மி போனை எடுத்தார். ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் யோசிக்கிற மனுஷன் அவர். புகார் எழுதிய கோச்சைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பொண்ணுக்குப் பிறந்த தேதி இருக்கு. கையெழுத்து என்னோடது. நாளைக்கு அவ அடிக்கிற பந்தை முடிஞ்சா எடுங்க."